வாயிலிருந்து தொடங்குங்கள்



1989இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று பெயர். 1992இல் ஊரெங்கும் ஒலித்த ‘ரோஜா’ பாடல்கள் அங்கே உருவானவைதான். அன்று அதற்குப் பெரும் பணம் வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினி, ஒரு மைக், இரண்டுக்கும் நடுவே ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி, காதுக்கு ஒரு ஹெட்ஃபோன் போதும். கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்துவிடலாம்.

ஆனால், ஆசைப்பட்டவர் முதலில் கேட்பது ‘எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?’ என்பதுதான். கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது. நான் சொல்வேன், பாடுபவரின் வாயிலிருந்து தொடங்கி, கணினியை நோக்கி வாருங்கள்.

முதலில் அறை. கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வீட்டு வாசலில்தான் உறுமும். மழை வந்தால் தகரக் கூரை பேசவிடாது. தெருவை விட்டுத் தள்ளிய உள்ளறையாகப் பாருங்கள். வெறும் சுவரில் குரல் மோதித் திரும்பும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னே பஞ்சு மெத்தையை நிறுத்தினால் அந்த எதிரொலி வெகுவாக அடங்கும்.

அடுத்து மைக். கண்டென்சர் மைக் நுட்பமானது. குரலோடு பக்கத்து வீட்டு மிக்சியையும் பிடித்துவிடும். இப்படிப்பட்ட அறைக்கு டைனமிக் மைக்கே நல்லது. 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 என்ற டைனமிக் மைக் இன்றும் மேடைதோறும் நிற்கிறது. பறை, பம்பையின் அடியையும் இவ்வகை மைக் தாங்கும்.

பிறகு இன்டர்ஃபேஸ். பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என்று இரண்டு மைக் செருகும் பெட்டியாக வாங்குங்கள். பாடுபவர் தம் குரலை ஹெட்ஃபோனில் உடனே கேட்க வேண்டும். கணினிக்குள் போய்த் திரும்புவதற்குள் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தாமதமானாலே தாளம் இழுக்கும். அதைத் தவிர்க்க, கணினியைத் தொடாமல் குரலை நேரே காதுக்கு அனுப்பும் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கடைசியில்தான் கணினி. ஒரு மைக்கை 24 பிட், 48 கிலோஹெர்ட்சில் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 எம்.பி. எட்டு மைக்கை ஒரு மணி நேரம் பதிந்தாலும் 4 ஜி.பி.யைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எனவே நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினியே போதும். எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் கட்டாயம் இருக்கட்டும். 8 ஜி.பி. ரேம் பதிவுக்குப் போதும். கணினியிலேயே வாத்தியங்களை ஒலிக்கவைத்து இசை கோர்ப்பவர்களுக்கு 16 வேண்டும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இருக்கிறது, இலவசம்.

மேசைக் கணினியை விட மடிக்கணினி மேல் என்பதற்கு நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பாட்டை அவர்கள் முற்றத்தில் பதிவதே அழகு. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் மின்வெட்டும் தடுக்காது. கரண்டு லைனில் வரும் ‘உம்ம்’ என்ற இரைச்சலும் பெரும்பாலும் நின்றுவிடும். இன்டர்ஃபேஸுக்கு மடிக்கணினியின் யு.எஸ்.பி.யே மின்சாரம் தரும்.

மலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடும் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பதியுங்கள். பாடுபவர் பெயர், ஊர், தேதியைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பதிந்ததை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஒன்றைப் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.