"எனக்குப் பசிக்கேல்லை" என்று சொல்லும் அம்மா

(பிளெய்ன்ஸ்பரோவில் புதிதாக வந்த குடும்பங்களுக்கான சந்திப்பில் எமது தொண்டர் ஒருவர் பேசியது)



நான் ஊரில் படிப்பித்தவள். அதனால் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற அம்மா, அப்பா நேற்று என்ன சாப்பிட்டவை?

நாங்கள் இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் அம்மா, "எனக்குப் பசிக்கேல்லை, பிள்ளையளுக்குக் குடு" என்பார். நானும் நம்பினேன். பாணும் பிளேன்டீயும்தான் அவரின் சாப்பாடு. கையில் கிடந்த காப்பு தானாகக் கழன்றது. வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் விளங்கியது.

வயது போகப்போகத் தசை குறையும். இதை 'சார்கோபீனியா' என்பார்கள். சத்துக் குறைந்து, நடமாட்டமும் குறைந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். பருமனாக இருப்பவருக்கும் இது வரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து 5 தரம் எழுந்து இருக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் எடுத்தாலோ, ஆறு மாதத்தில் 60 கிலோ ஆள் 3 கிலோ மெலிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். காப்புறுதி இல்லையென்று தள்ளிப்போட வேண்டாம். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் எடுக்கும் சமூக மருத்துவ நிலையங்கள் உண்டு. எங்களிடம் கேளுங்கள்.

50 கிலோ நிறையுள்ள முதியவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு கோப்பை சோற்றில் 4 கிராம்தான். முட்டை ஒன்றில் 6, ஒரு கோப்பை பாலில் 8, அவித்த பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம் அளவில் இருக்கிறது. டின் மீனும் நல்லது. மூன்று நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாடு மட்டும் போதாது. கதிரையில் எழுந்து இருப்பதையே தினமும் பயிற்சியாகச் செய்யட்டும்.

வேலை அனுமதி வரும்வரை காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 'ஃபூட் பான்ட்ரி' என்ற இலவச உணவு நிலையங்கள் இருக்கின்றன. தொலைபேசியில் 211 அழுத்தி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அங்கே உணவு எடுப்பதால் உங்கள் அடைக்கல வழக்கு கெடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்றிரவு அம்மாவைத் தனியே சாப்பிட விடாதீர்கள். பக்கத்தில் இருந்து, அவரின் கோப்பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.