எந்தத் தண்டவாளத்தில் நம் மடிக்கணினி?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம். கம்பனையும் சிலம்பையும் கேட்ட செவிகளுக்கு, மெட்ரிகுலேஷன் மட்டுமே படித்து ரயில்வேயில் கோப்புப் பார்க்கும் ஓர் எழுத்தர் மடிக்கணினியைப் பற்றிப் பேச வந்திருப்பது வியப்பாக இருக்கலாம். குற்றம் நம்முடையதன்று, நூலகச் செயலாளருடையது. 2025-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் நம் காலனியில் பாதி வீடுகளில் ஒரே பேச்சாக இருந்தது. கணினியைத் திறந்தால், "இனி இதற்குப் பாதுகாப்பு இல்லை" என்று திரையில் அறிவிப்பு வருகிறதே, என் செய்வது என்பதே அப்பேச்சு. "உங்கள் வீட்டில் எப்படியோ தீர்த்துக்கொண்டீர்களாமே ஐயா, அதையே வந்து சொல்லுங்கள்" என்றார் செயலாளர். ஆகவே இது அறிஞர் உரையன்று. ஒரு வீட்டுக் கதையே.

இயங்குதளம் என்பது யாது? நம் இளைஞர்களுக்குத் தெரியும், தாய்மார்களுக்காகச் சொல்கின்றோம். 1955-56-இல் இந்நகரின் பாரநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு, பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால், இங்கிலாந்திலிருந்து எச்.ஈ.சி.-2எம் என்னும் கணினி வந்தது. நாட்டிற்கு வந்த முதல் மின்னணுக் கணினி அதுவே என்பர். அதற்கு இயங்குதளம் என ஒன்று கிடையாது. ஒவ்வொரு கணக்குக்கும் மனிதரே அருகிருந்து எல்லாவற்றையும் ஊட்ட வேண்டும். பின்னாளில், அந்த மேற்பார்வை வேலையையும் ஒரு நிரலே செய்யட்டும் என்று விட்டனர். அதுவே இயங்குதளம். கடிதம் எழுதும் நிரல், கணக்கெழுதும் நிரல், படம் காட்டும் நிரல் யாவும் அதன்மீதுதான் ஓடும்.

ரயில்வேக்காரன் வாயில் உவமையும் ரயிலாகத்தானே வரும்! நாம் சிறுவராக இருந்த நாளில் கும்பகோணம் செல்ல வேண்டுமாயின், ஹவுராவில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குவோம். டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், கூஜா, பாட்டிக்கென வாங்கிய சந்தேஷ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு எழும்பூருக்குப் போவோம். ஏனெனில் ஹவுராவிலிருந்து வந்தது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே சென்றது 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதை. வண்டி நல்ல வண்டியே, பாதை வேறு. அதில் ஓடுவது இதில் ஓடாது. விண்டோஸுக்கென எழுதிய நிரல் லினக்ஸில் அப்படியே ஓடாததும், மேக்குக்கென எழுதியது மற்ற இரண்டிலும் ஓடாததும் இதனாலேயே. எந்தப் பாதை உயர்ந்தது என்ற வாதம் நமக்கு வேண்டா. நாம் எந்த ஊருக்குப் போகிறோம், அங்கே எந்தப் பாதை செல்கிறது என்பதே கேள்வி.

இனி, நடந்ததைச் சொல்கின்றோம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. வீட்டுப் பயனர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்றும் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு ஏறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும். நம் வீட்டு மடிக்கணினி 2016-இல் போனஸ் பணத்தில் வாங்கியது, ஆறாம் தலைமுறை. விசைப்பலகையில் ஓர் எழுத்தும் தேயவில்லை, திரையில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அதற்கு ஓய்வு வயது வந்துவிட்டதென்று எங்கோ ஒருவர் கையெழுத்திட்டுவிட்டார். நம் பணிப்பதிவேட்டிலாவது பிறந்த நாளைப் பார்த்துச் செய்வார்கள்!

"ஓடுகிற வரை ஓடட்டுமே, திருத்தம் இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கேட்டோம். 2017 மே 12-இல் வான்னாகிரை என்னும் பிணைப்பண நச்சுநிரல் உலகெங்கும் பரவிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்னரே வெளிவந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்களே மாட்டினர். இங்கிலாந்து மருத்துவமனைகள் திணறின. நம் மாநிலத்தில் மேற்கு மேதினிபூர் மாவட்டத்து மின்வழங்கு அலுவலகங்கள் சிலவும், ரயில்வேயில் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகத்துக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுவிடும். 300 டாலர் கொடுத்தால் சாவி தருவோம் என்று திரையில் எழுதி வரும்.

செய்தித்தாளில் படித்தோம், படித்துவிட்டு மடித்து வைத்தோம். 2019-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் மடிக்கணினி மெதுவாயிற்று. ஒரு கடையில் கொடுத்தோம். உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதி ஒன்றைப் போட்டு, திருத்தங்கள் வாராமல் அடைத்து, "இனித் தொந்தரவே இராது தாதா" என்று கொடுத்தனர். மலிவாகப் போயிற்றென்று நாமும் மகிழ்ந்தோம். மூன்றாம் மாதம் எல்லாக் கோப்புகளும் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டன.

போனவை எவை? நம் தந்தையார் 1969-இல் இந்நகருக்கு வேலைக்கு வந்தவர். முதல் ஏழாண்டுகள் அம்மாவைக் கும்பகோணத்தில் விட்டுவிட்டு, பொதுச் சமையல் அறையில் மற்றவர்களுடன் உண்டு வாழ்ந்தார். அந்நாளில் அவர் வாரந்தோறும் ஊருக்கு எழுதிய இன்லண்டுக் கடிதங்களை அம்மா சேர்த்து வைத்திருந்தார். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த ஒரு மழையில் பெட்டி நனைந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. எஞ்சியவற்றை உலர்த்தி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் வைத்தோம், நூற்றுக்கு மேற்பட்டவை. தாள்கள் பின்னர் பொடிந்தன. கணினியில்தான் இருக்கிறதே என்று கவலைப்படவில்லை. பூட்டிக்கொண்டபோது எஞ்சியவை மூன்று. தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தமையால் அவை பிழைத்தன. அம்மாவிடம் இதைச் சொல்ல நமக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை; அந்த மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரச் சொன்னார், அவ்வளவே.

ஆகவே, இம்முறை அறிவிப்பு வந்தவுடன் வீட்டில் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூடிற்று. தலைமை வகித்தவர், சொல்ல வேண்டுவதில்லை, நம் இல்லத்தரசி.

மகள் பி.காம். படிக்கிறாள். "அப்பா, எனக்கு டாலி வேண்டும். அது விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸ் போட்டால் என் படிப்புக்கு யார் பொறுப்பு?" என்றாள். நியாயமான பேச்சு. பத்தாம் வகுப்புப் பயிலும் மகனோ, "லினக்ஸ்தான் இலவசம். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது, இன்று உலகின் பெரிய கணினிகளெல்லாம் அதில்தான் ஓடுகின்றன" என்று நின்றான். அதுவும் உண்மையே, நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசியின் அடியிலும் லினக்ஸ்தான் இருக்கிறது. மேக் வாங்கலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் விலை வீட்டில் அனைவருக்கும் தெரியும்.

நமக்கு அப்போது நம் துறையே நினைவிற்கு வந்தது. 1985-86-இல் தில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கியபோது, டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் வி.எம்.எஸ். என்னும் இயங்குதளத்தை வைத்துத் தொடங்கினர். வீடுகளில் அதன் பெயரைக் கேட்டவர் எவரும் இரார். அந்நிறுவனத்தை 1998-இல் காம்பாக் வாங்கிற்று. 2002-இல் காம்பாக்கும் எச்.பி.யோடு சேர்ந்தது. இத்தனை கைமாறிய பின்னும் முன்பதிவு நெடுங்காலம் அவ்வியங்குதளத்தின் மீதே ஓடிற்று. கவுண்ட்டரில் இருந்தவர் டோர்வால்ட்ஸையும் அறியார், பில் கேட்ஸையும் தேடார். சீட்டு வந்தால் போதும். தொழிலுக்குரிய கணினியில் தொழிலே எசமான்.

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அவர்கள் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று. அதே காலத்தில் சென்னையில் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென பாஸ் லினக்ஸை வெளியிட்டது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளோ முழுமையாகவே கட்டற்ற மென்பொருளுக்குச் சென்றுவிட்டன. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஒரே கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தன. கும்பகோணத்தில் நம் உறவுப் பையன் ஒருவனுக்கும் கிடைத்தது. "இரண்டில் எது நன்றாயிருக்கிறது?" என்று ஆவலோடு கேட்டோம். "எது முதலில் திறக்கிறதோ அதுதான் மாமா" என்றான். கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர், அங்கே நிலைத்தது.

கடைசியில் கூட்டத்தின் முடிவு இவ்வாறாயிற்று. மகளுக்கு விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி, கூட்டுறவுச் சங்கக் கடனில். அது தொழிற்கணினி, அதில் சினிமாவும் இல்லை, விளையாட்டும் இல்லை. நம் பழைய 2016-க்கு லினக்ஸ் மின்ட். அதுவே வீட்டுக் கணினி: வங்கி வேலை, மின்கட்டணம், படங்கள், பாட்டு, கடிதம். மின்ட்டுக்கு 4 ஜி.பி. நினைவகம் போதுமென்று அதன் கையேடே சொல்கிறது. நம்முடையதில் அவ்வளவு இருந்தது. சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சாந்தினியில் வாங்கிப் போட்டபின், பாலைக் காய்ச்ச வைத்துவிட்டுத் திறந்த கணினி பால் பொங்குமுன் திறந்துகொள்கிறது.

தொல்லையே இல்லையா? உண்டு. பழைய அச்சுப்பொறி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. நண்பர் வேர்டில் அனுப்பும் அட்டவணை லிப்ரே ஆபீஸில் சிறிது கோணலாகத் திறக்கும். ஏலம், ஒப்பந்தம் முதலியவற்றுக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வைத்திருப்பவர்கள் விண்டோஸை விடாதிருப்பதே நலம். அச்சாவிகளை லினக்ஸில் இயக்குவது பல வேளைகளில் பெரும்பாடு. அலுவலகம் கொடுத்த கணினி வைத்திருப்போர் அதில் கைவைக்கவே வேண்டா. அது அவர்கள் பாதை, அவர்கள் சிக்னல். வீட்டுப் படங்களை அதில் வைப்பதும் தவறு.

விண்டோஸில் உள்ளவர்க்கே எல்லாம் சுகம் என்றும் எண்ணற்க. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிரலின் தவறான திருத்தம் ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய சீட்டோடு பயணிகள் ஏறினர். நம் போன்ற பழைய எழுத்தர்களுக்கு அன்று ஒரு சிறு பெருமிதம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

தமிழ் எழுதுவதைப் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 2000 காலத்தில் யூனிகோடு வழியே தமிழும் லதா எழுத்துருவும் உள்ளேயே வந்தன. லினக்ஸிலும் மேக்கிலும் இன்று தமிழ் குறையின்றி வருகிறது. 1999-இல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. ஆகவே தமிழுக்காக எந்த இயங்குதளத்தையும் அஞ்ச வேண்டா. அஞ்ச வேண்டியது வேறொன்று. நம் சங்கத்தின் பழைய மலர்கள் பல, அந்நாளைய தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரோமன் எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. செயலாளர் கொடுத்த குறுந்தகட்டில் அப்படி ஒன்பது ஆண்டு மலர்கள் உள்ளன. அவற்றுள் இன்று நம்மிடையே இல்லாத பெரியோர்கள் எழுதிய கட்டுரைகளும் இருக்கின்றன. மாற்றி நிரல் கொண்டு யூனிகோடாக்கத் தொடங்கியிருக்கிறோம், மூன்று முடிந்தன. "ண"வும் "ன"வும் இடம் மாறிய இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த ஆள் தேவை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை அம்மையார் ஒருவர் முன்வந்துள்ளார், மற்றவர்களும் வரலாம்.

மாற்ற எண்ணுவோர்க்கு ஒரு வழி சொல்லிவிடுகிறோம். லினக்ஸை யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, கணினியில் உள்ளதைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று பார்த்து, பிடிக்காவிடின் குச்சியை எடுத்துவிடலாம். நிறுவுமுன் படங்களையும் கடிதங்களையும் வெளிவட்டில் ஒரு பிரதியும், வேறொருவர் வீட்டில் ஒரு பிரதியும் வைத்த பிறகே கை வைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது நம் குரல் சற்றுத் தடித்தால் பொறுத்தருள்க.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் மகன் இரண்டு குச்சிகளோடு நூலக அறையில் இருப்பான். பழைய மடிக்கணினியையும் அதன் மின்னேற்றியையும் கொண்டு வாருங்கள். மின்னேற்றியை மறந்து வந்தால், லேக் மார்க்கெட் வரை திரும்பிப் போக நேரும்.