பட்டிப்பொங்கலுக்கு மறுநாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, நெற்றியிற் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டிப் பொங்கல் ஊட்டுகிறோம். மறுநாள் அதே மாடு முழக் கயிற்றில் வேலிக் கதியாலோடு கட்டப்பட்டு, வெயில் சாய்ந்த பின்னும் தண்ணீர் காணாமல் நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். நமது வீடும் இதற்கு விலக்கன்று. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த மறுநாளைப் பற்றியே.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலிற் சுழன்ற நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நிகழ்ந்ததை இச்சபையிலுள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். மழையும் குளிரும் ஊதற்காற்றும் ஒருசேர வந்தன. சில நாட்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் மாண்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் பட்டி பட்டியாக விழுந்து கிடந்தன. ஏதோ கொள்ளை நோய் என்று முதலில் அஞ்சினோம். குளிரின் கொடுமையே காரணம் எனப் பின்னர் கால்நடை வைத்தியத் துறையினர் கூறினர்.

குளிர் என்று சொல்லி நாமும் ஆறுதல் அடைந்தோம். வானத்தின் மேற் பழியைப் போட்டால் யாருக்கும் நோகாது அல்லவா? ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். நுவரெலியாப் பக்கத்துப் பசுக்கள் அதனினும் கடிய குளிர் இரவுகளை ஆண்டுதோறும் கழிக்கின்றனவே, அவை ஏன் சாகவில்லை? அவை மேல்நாட்டுச் சாதி, குளிருக்குப் பழகியவை என்பீர்கள். உண்மைதான். மெல்லிய மயிரும் தொங்கும் அலைதாடியும் உடைய நம்முடைய நாட்டு மாடு வெயிலைத் தாங்கப் பிறந்தது. ஆயின் அந்த மலைநாட்டு மாட்டுக்குத் தொழுவமும் உண்டு, வயிறு நிறைய இரையும் உண்டு என்பதை ஏன் மறக்கிறோம்?

மாட்டின் உடலுக்குச் சூடு தருவதில் அதன் வயிற்றுக்கும் பங்குண்டு. இரைப்பையின் நான்கு அறைகளுள் பெரியதாகிய முதலறையிற் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. இரையில்லாத வயிறு தணல் அவிந்த அடுப்பு. தோலின் கீழே கொழுப்பு இருந்தால் அச்சூடு தங்கும்; மயிர் உலர்ந்திருந்தாலும் ஓரளவு தங்கும். நம்முடைய பட்டிமாட்டுக்கோ விலா எலும்பை எண்ணலாம். அது மூன்று நாள் நனைந்து, வாடைக்காற்றில், சேற்றில் நின்றது. மேலே கிடுகும் இல்லை, பக்கத்திற் படங்கும் இல்லை. கன்றுகளின் கதியை விரித்துரைக்க மனம் வரவில்லை. கொன்றது குளிர், சாவுக்கு ஏற்றவாறு அதை மெலிய வைத்தது யார்?

தீனிக்கு எங்கே போவது என்று கேட்பார் உளர். பெரும்போக அறுவடை முடிந்த வயல்களைப் போய்ப் பாருங்கள். அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுப் போன வைக்கோலைக் கூட்டுவாரின்றி நெருப்பு வைக்கிறார்கள். முன்னாளிற் சூடு மிதித்து முடிந்ததும் வைக்கோலைப் போராகக் குவித்து மழைக்காலத்துக்கு வைத்தவர்கள் நம் பாட்டன்மார். மாசி பங்குனியில் நாம் எரித்ததற்கு மார்கழியில் மாடு உயிரைக் கொடுக்கிறது.

மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது என்ற முறைப்பாட்டை மட்டும் நாம் தள்ளிவிட முடியாது. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தம் மேய்ச்சல் நிலத்துக்காக 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. எனினும் தரைக்காகக் குரல் கொடுக்கும் நாம், முற்றத்து மாட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் வைப்பதற்கும் அரசாங்கத்தைக் காத்திருக்க வேண்டுமா?

உடைமை என்ற சொல்லை நாம் விளங்கிக்கொண்ட விதத்திலேயே பிழை இருக்கிறது. மாட்டின் தொடையிற் குறி சுட்டால் அது நமது மாடு. களவு போனாற் பொலிசுக்கு ஓடுகிறோம். பால் வற்றினாலோ, கால் ஒடிந்தாலோ, கயிற்றை அவிழ்த்துத் தெருவில் விடுகிறோம். அப்போது அது கட்டாக்காலி. சந்தைக் குப்பையிற் சொப்பிங் பைகளை விழுங்கி வயிறு அடைத்துச் சாகிறது. மாரி இரவில், நிலமெல்லாம் ஈரமாக, சற்றே உலர்ந்த தார் வீதியிற் போய்ப் படுத்து லொறியில் அடிபடுகிறது. குறி மட்டும் தொடையில் அப்படியே இருக்கும்.

2020 செப்டெம்பரில், மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கிய செய்தி வந்தபோது நம்மவர் பலர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் கறவை நின்ற பசுவுக்கு அதன்பின் யார் தீனி போடுவது என்று நம்மிற் கேட்டவர் சிலரே. அறுப்பவனை ஏசுகிறோம், விடியுமுன் அவன் கையிற் கயிற்றைக் கொடுத்துக் காசை எண்ணி வாங்கியவரும் திருநீறு பூசிய சைவரே.

விசாரசருமர் கதை பெரியபுராணத்தில் வருகிறது. சேய்ஞலூரில் ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடிக்கக் கண்ட அந்தணச் சிறுவர், அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டு வீடு திரும்பவில்லை. மேய்க்கும் தொழிலைத் தாமே ஏற்று, மண்ணியாற்றங்கரையிற் புல்லும் நீரும் உள்ள இடமாகப் பார்த்து ஓட்டிச் சென்றார். சண்டேசுவரர் சந்நிதியிற் கைதட்டி வணங்கும்போது இந்தப் பகுதி நமக்கு நினைவு வருவதில்லை. நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். ஏழாம் நாள் ஓய்வை மாட்டுக்கும் விதித்த கட்டளையை அங்கே கேட்டபோது, இது நம்மிடம் ஏற்கெனவே உள்ளதுதானே என்று உள்ளூரப் பெருமைப்பட்டதுண்டு. இப்போது அந்தப் பெருமையை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆதலால் இச்சங்கத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னர், நம் ஊரிற் கொட்டில் வேய வசதியற்ற விதவைத் தாய்மாரினதும் முதியோரினதும் மாடுகளுக்குக் கிடுகு வேய்ந்து, வாடை வரும் வடகீழ்ப் பக்கத்திற் படங்கு கட்டிக் கொடுக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் வயற்காரரிடம் வைக்கோலைக் கேட்டுப் பெற்று, ஏற்றி வந்து போர் வைக்க வேண்டும். உழவு இயந்திரம் ஒன்றை இரவலாகத் தர ஒருவர் இசைந்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்க மண்டபத்து முன்றிலிற் கூடுவோம். கத்தியும் கயிறும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.