ஜப்பானுக்கு வழி ஆறாம் படிவம்



பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களில் ஜப்பான் என்ற பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கிய காலம் ஒன்று உண்டு. 1942, 43-ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்தத் தலைமுறையின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று அதே நாட்டுக்குப் படிக்கப் போக முடியுமா என்று கேட்கிறார்கள். 1982-இல் டாக்டர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையைக் கொண்டுவந்த பின் ஏற்பட்ட மாற்றம் இது.

வீட்டில் எழும் முதல் கேள்வி பணம். செம்பனைக் குலை வெட்டும் அப்பா அதைத்தானே கேட்பார்! ஆனால் பிள்ளைகள் முதலில் இடறுவது பள்ளிக்கூடக் கணக்கில். ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பைக் கேட்கின்றன. ஆரம்பப் பள்ளியில் 6, இடைநிலைப் பள்ளியில் 5, ஆக 11 ஆண்டில் எஸ்.பி.எம். முடிந்துவிடுகிறது. எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் அந்த ஓராண்டுக் குறை அப்படியே நிற்கும். அதை அதிகச் செலவில்லாமல் நிரப்புவது அரசாங்கப் பள்ளியின் ஆறாம் படிவம்தான். அதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். கடன் வாங்கியாவது ஏதோ ஒரு டிப்ளோமாவில் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம்!

எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளை கோலாலம்பூர் ஜப்பானியத் தூதரகம் வழியாக ஜப்பானிய அரசாங்கத்தின் ‘மெக்ஸ்ட்’ உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமை. எழுத்துத் தேர்வு உண்டு. அறிவியல் துறை என்றால் கணிதம், வேதியியல், அதோடு இயற்பியலோ உயிரியலோ எழுத வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாதே என்று ஒதுங்க வேண்டியதில்லை. பெரும்பாலான துறைகளுக்கு ஐந்தாண்டு தருகிறார்கள். முதல் ஆண்டு முழுக்க மொழிப் படிப்புதான். கல்விக் கட்டணம் இல்லை. விமானச் சீட்டும், மாதம் ஒரு லட்சம் யென்னுக்கு மேல் பணமும் கிடைக்கும்.

அது கிடைக்காதவர்களுக்கு ‘இஜேயு’ தேர்வு இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கிறது, கோலாலம்பூரிலேயே எழுதலாம். தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான ஆண்டுக் கட்டணம் 535,800 யென்; ஏறத்தாழ 14, 15 ஆயிரம் ரிங்கிட். உள்ளூர்த் தனியார் கல்லூரிகள் சில வாங்குவதைப் பார்த்தால் இது மலைப்பல்ல. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவுதான் பெரிது.

இந்த இடத்தில்தான் முகவர்கள் நுழைகிறார்கள். “முதலில் மொழிப் பள்ளியில் சேருங்கள், வேலை செய்தே எல்லாவற்றையும் கட்டிவிடலாம்” என்பார்கள். மாணவர் விசாவில் போனவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் கட்டணமும் அடங்கிவிடும் என்று நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வராதவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகம் 2024 செப்டம்பரில் கோலாலம்பூரிலேயே கிளை திறந்து பட்டப்படிப்பு நடத்துகிறது. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் டிப்ளோமாக் கடன் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன், தெலுக் இந்தான் பக்கம் ஆறாம் படிவம் உள்ள பள்ளி எது என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.