சிறைவாசிகளின் குடும்பங்களும் நமது பைத்துல்மாலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

சற்று முன்னர் பைத்துல்மால் அறிக்கை வாசிக்கப்பட்டதைக் கேட்டீர்கள். விதவையர் உதவி, மருத்துவ உதவி, கல்வி உதவி, குமர் காரியங்களுக்கான உதவி எனப் பல தலைப்புகள் அதில் இடம்பெற்றிருந்தன. குடும்பத் தலைவர் சிறையில் இருப்பதால் நிலைகுலைந்து நிற்கும் குடும்பங்களுக்கென ஒரு தலைப்பு அதில் இல்லை. நிர்வாகத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தகைய உதவியைப் பற்றி நம்மிடமும் நம்மைச் சுற்றியுள்ள சமூகத்திடமும் நிலவும் எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் சரிதானா என்று உங்களோடு சேர்ந்து ஆராயவே இந்த நேரத்தைக் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

முதலில் சில விவரங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் மீது எந்த நீதிமன்றமும் குற்றத்தை உறுதி செய்திருக்கவில்லை. "ஜெயிலுக்குப் போனவன்" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளிகள் அல்லர்.

பிணையில் வெளிவர இயலாமைக்கு வறுமையும் ஒரு காரணமாகும். 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கு வந்தது. அவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் பிணை நிற்க முன்வந்தும், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி கீழ் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அதைக் கடுமையாகக் கண்டித்து, பிணைத்தொகை ஏழையின் சக்திக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் இந்தச் சிக்கல் தீரவில்லை என்பதால்தான், ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2023ஆம் ஆண்டு வகுக்க நேர்ந்தது.

இனி, வீட்டின் நிலையைப் பாருங்கள். கைது நடந்த அன்றே வருமானம் நின்றுவிடுகிறது. செலவோ அன்றுதான் தொடங்குகிறது. வக்கீலுக்குப் பணம், பிணைக்கு ஆள், வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்ற அலைச்சல். மத்திய சிறைகள் நம் மாநிலத்தில் புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில்தான் உள்ளன. மற்ற ஊர்களில் இருப்போர் மனு போட்டுச் சில நிமிடங்கள் பார்த்துப் பேசுவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்துப் போய்வர வேண்டும். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறது. மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகிறது. சிறையில் இருப்பவருக்கு அரசு மூன்று வேளை உணவளிக்கிறது. அவருடைய பிள்ளைகளுக்கு யார் அளிக்கிறார்கள்?

கணவர் இறந்துவிட்டால் ஊரே கூடி ஆறுதல் சொல்கிறது. இத்தா முடியும்வரை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வருகிறது. கணவர் சிறைக்குச் சென்றாலோ, அதே வீட்டு வாசலைக் கடப்பவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இருவருக்கும் இழப்பு ஒன்றே. நாம் காட்டும் முகந்தான் வேறு.

இத்தகைய குடும்பங்களுக்கு உதவலாம் என்று பேச்செடுத்தால், மூன்று ஆட்சேபணைகள் எழுகின்றன. அவற்றைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மதிப்பளித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, "இது குற்றத்திற்குத் துணை போவதாகாதா?" என்பது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது திருமறை பல இடங்களில் வலியுறுத்தும் நெறி. தந்தை செய்த தவறுக்காக மகனின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தினால், எந்த நீதிமன்றமும் விதிக்காத தண்டனையை நாம் விதித்தவர்களாவோம். இங்கே இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விசாரணைக் கைதிகள் நிரபராதிகளாக இருக்கக்கூடும், ஆகையால் உதவுவோம் என்று மட்டும் வாதிட்டால், குற்றம் உறுதியானவரின் குழந்தையை நாம் கைவிட்டுவிடுகிறோம். அந்தக் குழந்தையின் பசியும் பசிதான். உதவிக்குரிய தகுதியைத் தந்தையின் வழக்கில் தேடக் கூடாது. அந்த வீட்டு அடுப்பில் தேட வேண்டும்.

அவ்வாறாயின் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் கதி என்ன என்று கேட்கலாம். மிக நியாயமான கேள்வி. கொலையுண்டவரின் வீடும் வருமானத்தை இழந்த வீடுதான். அந்த வீடு நம் மஹல்லாவில் இருந்தால், நாம் முதலில் ஏறவேண்டிய படி அதுவே. ஒரு வீட்டுக்கு உதவுவது மற்றொரு வீட்டுக்கு இழைக்கும் துரோகம் ஆகாது. இரண்டு வீட்டாருக்கும் ஒரே பைத்துல்மாலிலிருந்து உதவி சென்றால், பழிக்குப் பழி என்னும் நெருப்பு தணியவும் அது வழி செய்யும்.

இரண்டாவது, "காவல்துறை நம்மைச் சந்தேகிக்கும், பள்ளிவாசலுக்கு வீண் வம்பு வரும்" என்பது. இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. நாட்டில் நடந்த சில வழக்குகள் நம் உள்ளங்களில் விதைத்த அச்சம் இது. 2002ஆம் ஆண்டு காந்திநகர் அக்ஷர்தாம் ஆலயத்தில் நடந்த கொடிய தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாவிகள் உயிரிழந்தனர். அவ்வழக்கில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் மூவருக்கு மரண தண்டனை. 2014ஆம் ஆண்டு மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அறுவரையும் விடுதலை செய்து, புலனாய்வையும் கண்டித்தது. கைதுக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட நெடிய ஆண்டுகளில், "தீவிரவாதியின் வீடு" என்ற பெயரைச் சுமந்து வாழ்ந்தவர்கள் அவர்களுடைய மனைவி மக்களே.

அச்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு சான்று. அங்கே 1956ஆம் ஆண்டு 156 பேர் மீது தேசத்துரோக வழக்குத் தொடுக்கப்பட்டது. நெல்சன் மண்டேலாவும் அஹ்மத் கத்ராதாவும் அவர்களில் அடங்குவர். வழக்குச் செலவுக்கும் அவர்களுடைய குடும்பப் பராமரிப்புக்கும் லண்டனில் ஜான் காலின்ஸ் என்னும் பாதிரியார் நிதி திரட்டினார். அது பின்னர் ஒரு பெரும் நிதியமாக வளர்ந்தது. 1966ஆம் ஆண்டு நிறவெறி அரசு அந்நிதியத்தைத் தடை செய்தது. எனினும் உதவி நிற்கவில்லை. பிரிட்டனில் வாழ்ந்த சாதாரண மக்கள், முன்பின் அறியாத சிறைவாசிக் குடும்பங்களுக்கு நண்பர்களைப் போலக் கடிதம் எழுதி, அதனுடன் சிறு தொகையையும் அனுப்பினர். பணத்தைவிட "உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்" என்ற அந்தச் சில வரிகளே அக்குடும்பங்களைத் தாங்கின என்றாலும் மிகையாகாது. ஒரு காலத்தில் தேசத்துரோகிகளின் குடும்பங்கள் எனப்பட்டவை, பின்னர் விடுதலை வீரர்களின் குடும்பங்கள் எனப் போற்றப்பட்டன.

அங்கே தடை இருந்தது; மறைவாகச் செய்தார்கள். இங்கே ஒரு சிறைவாசியின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துவதையோ, அவருடைய தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடை செய்யப்பட்ட இயக்கங்களுக்கும் வன்செயல்களுக்கும் பணம் தருவதையே சட்டம் குற்றம் என்கிறது. அது குற்றமாக இருக்கவும் வேண்டும். ஆகவே நமக்கு மறைவு தேவையில்லை. ஒழுங்கான கணக்குத்தான் தேவை. கையில் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுப்போம். கட்டணத்தைப் பள்ளிக்கே செலுத்துவோம். மளிகைக் கடைக்கு நேரே பணம் கட்டுவோம். ரசீதுகளைத் தணிக்கையாளரிடம் வைப்போம். சந்தேகத்திற்கு இதைவிடச் சிறந்த மறுமொழி கிடையாது.

மூன்றாவது, "நல்ல ஏழைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்பது. ஏழையை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கும் தராசு நம்மிடம் எங்கிருந்து வந்தது? திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம், நல்லோர் உணவளிக்கும் மூவரைக் குறிப்பிடுகிறது: ஏழை, அநாதை, கைதி. அந்தக் கைதிக்கே உணவளிப்பது நன்மையாயின், எக்குற்றமும் செய்யாத அவருடைய மனைவி மக்களுக்கு உணவளிப்பதில் தயக்கம் எதற்கு? ஜகாத் நிதியில் எதை எவருக்கு வழங்கலாம் என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். ஸதக்கா நிதியில் வழங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

நன்மை நமக்கும் உண்டு. சிறைவாசிக்கும் குடும்பத்திற்கும் உள்ள உறவைப் பேணுவதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று, ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் கூறுகின்றன. திரும்பி வருவதற்கு ஒரு வீடு உள்ளவன் திருந்தி வாழ வழியுண்டு. வீடு சிதறிப் போனவனையும், படிப்பை விட்ட அவன் மகனையும் யார் அரவணைப்பார்கள் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

ஆகவே பொதுக்குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: வரும் ஆண்டு முதல் பைத்துல்மாலில் "சிறைவாசிகளின் குடும்ப நலன்" என ஒரு தலைப்பை ஏற்படுத்த வேண்டும். கல்வி, உணவு, மருத்துவம், சிறைக்குச் சென்று வரும் பயணச் செலவு ஆகியவற்றுக்கு மட்டுமே அது பயன்பட வேண்டும்.

இரண்டு: உதவி பெறுவோரின் பெயர்களை நம் ஆண்டறிக்கையில் அச்சிடுவது வழக்கம். இத்தலைப்பில் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும். பெயர் வெளியாகும் என்றால் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர, அவர்கள் மனுக் கொடுக்க வரமாட்டார்கள். தொகை அறிக்கையில் இருக்கட்டும். பெயர் தணிக்கையாளரோடு நிற்கட்டும். மேடையில் வைத்துக் கொடுப்பதும் படம் எடுப்பதும் அறவே வேண்டாம்.

மூன்று: அவ்வீடுகளுக்குச் சென்று தேவை அறியும் பொறுப்பை நம் சகோதரிகள் மூவர் அடங்கிய குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வழக்கைப் பற்றி ஒரு கேள்வியும் அவர்கள் கேட்கக் கூடாது.

நான்கு: அரசு தரும் உதவிகளைப் பெற்றுத்தர ஒருவரை நியமிக்க வேண்டும். காவலில் உள்ளவர், வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞருக்கு உரிமையுடையவர். நான் முன்பு சொன்ன 2023ஆம் ஆண்டுத் திட்டத்தில் பிணைக்கும் அபராதத்திற்கும் உதவி பெற வழியுண்டு. சில கடும் சட்டங்களின் கீழ் வருவோருக்கு மட்டும் அது பொருந்தாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாத ஒருவர் அக்குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. இவற்றை அறியாமல் கடன் வாங்கிச் சீரழியும் குடும்பங்களுக்கு, விவரம் சொல்வதே ஒரு தர்மம்.

இதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. தேவைப்படுவது துணிவு. "இந்த வீட்டாரோடு நாங்கள் இருக்கிறோம்" என்று ஜமாஅத் சொல்லிவிட்டால், தெருவும் தலை திருப்பிக்கொள்வதை நிறுத்தும். பள்ளியில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்காரும். கோரிக்கைகளைப் பரிசீலித்து, இக்கூட்டம் முடிவதற்குள்ளாகவே ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.