ஓட்டிசம்: பிள்ளைக்கும் ஸஃப்பில் இடமுண்டு



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! அன்பின் இளைஞர்களே!

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக!

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. விளையாட்டுப் பொருட்களை வரிசையாக அடுக்குவதிலேயே பொழுது போகின்றது. இத்தகைய பிள்ளையைக் கண்டதும் ஒருவர் கண்ணூறு என்கின்றார். இன்னொருவர் ஜின் என்கின்றார். மற்றொருவர் தாயின் வளர்ப்பையே குறை கூறுகின்றார். தாயத்தும் நூலுமாக ஊரூராய் அலைவதில், பயிற்சிக்கு மிகவும் உகந்த ஆண்டுகள் கைநழுவிப் போய்விடுகின்றன.

ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடாகும். 1943ஆம் ஆண்டு லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளை அவதானித்து இதனை விபரித்து எழுதினார். தாயின் அன்புக் குறைவே காரணம் என்று பின்னர் சிலர் கூறியது பிழையென நிரூபிக்கப்பட்டு விட்டது. தடுப்பூசியைக் காரணங்காட்டி 1998இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையும் 2010இல் வாபஸ் பெறப்பட்டது. பரம்பரைக் கூறுகளுக்கே இதில் பெரும் பங்குண்டு. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே, தாய்மார்களே, இது உங்கள் குற்றமன்று!

மறைவானவற்றை நம்புவது நமது ஈமானின் பகுதியாகும். ஆயினும், இன்ன பிள்ளையை ஜின் பிடித்துள்ளது என்று தீர்ப்புக் கூறும் அறிவை நமக்கு யார் தந்தார்? பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள். அதே வேளை கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஜின்னை விரட்டுவதாகக் கூறிப் பிள்ளையை அடிப்பதும் புகையில் அமர்த்துவதும் பகிரங்கமான அநியாயமாகும்.

ஒரு வயதாகியும் அழைப்புக்குத் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக் காட்டாவிட்டால், வந்த சொற்கள் மறைந்து போனால் தாமதிக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கூறுங்கள். செவிப்புலனைப் பரிசோதியுங்கள். சிறுவர் வைத்திய நிபுணரையும் பேச்சுச் சிகிச்சையாளரையும் நாடுங்கள். இதனை முற்றாக மாற்றும் மருந்து எதுவுமில்லை. அப்படிக் கூறி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். பயிற்சியினால் பிள்ளை தன் தேவையைத் தெரிவிக்கக் கற்றுக்கொள்ளும். சொல்லால் இயலாதபோது படத்தினால் தெரிவிக்கும்.

சகோதரர்களே! பள்ளிவாசலில் ஒலிபெருக்கியின் சத்தத்தைத் தாங்காது காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை அடம்பிடிக்கவில்லை. நமக்குச் சாதாரணமான சத்தமும் வெளிச்சமும் அத்தர் வாசனையும் அப்பிள்ளைக்குப் பெரும் வேதனையாக இருக்கலாம். குழந்தையின் அழுகுரல் கேட்டு, அதன் தாயின் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நாமோ, 'பிள்ளையை வெளியே கொண்டு போங்கள்' என்று தந்தையை அதட்டுகின்றோம்! இது எந்த ஸுன்னா? கூட்டம் சேருமுன் பிள்ளையை அழைத்து வந்து இடத்தைப் பழக்கலாம். ஸஃப்பின் ஓரத்தில், வாசலுக்கருகே இடம் கொடுக்கலாம். வுழூவின் படிமுறைகளைப் படங்களாக வரைந்து காட்டலாம்.

ஓட்டிசம் உள்ள எல்லோரும் அறிவு குறைந்தவர்களல்லர். பட்டம் பெற்றோரும் தொழில் புரிவோரும் அவர்களில் உளர். வாழ்நாள் முழுதும் உதவி தேவைப்படுவோரும் உளர். அல்லாஹ் எவரையும் அவரது சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை. எனவே மார்க்கக் கடமைகளிலும் ஒவ்வொருவரின் ஆற்றலையும் அறிந்து, ஆலிம்களிடம் விளக்கம் பெற்று நடந்துகொள்ளுங்கள்.

இளைஞர்களே! அப்பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். 'எனக்குப் பின் என் பிள்ளையை யார் பார்ப்பார்?' என்ற ஏக்கம் அத்தகைய பெற்றோர் பலரின் உறக்கத்தைக் கெடுக்கின்றது. அதற்கு விடை, நாளை இந்த ஊரை நடத்தப்போகும் உங்களிடமே இருக்கின்றது.

பலவீனர்களுக்குத் துணைநிற்கும் சமூகமாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.