இயக்கப் பிளவும் இலக்கியமும்



போடிமெட்டைக் கடந்தால் தேவிகுளம். அங்கு 1958இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் பாடினார். தோட்டத் தொழிலாளரிடையே இயக்கத்தின் கொள்கை பாட்டாகவே சென்று சேர்ந்தது. ரோசம்மா வென்றார். அந்நாளில் பாடியவர்க்கும் கேட்டவர்க்கும் கட்சி ஒன்றே.

ஆறே ஆண்டுகளில் அவ்வொருமை குலைந்தது. 1964 ஏப்ரல் 11ஆம் நாள் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினர். பி. இராமமூர்த்தி, எம்.ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா, கே. ரமணி ஆகியோர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். சோவியத்து - சீனக் கருத்துமோதலும் 1962 எல்லைப்போரும் பிளவை விரைவுபடுத்தின. ஆயினும் அடிப்படை வினா வேறு: காங்கிரசு அரசோடு எவ்வாறு உறவு கொள்வது? முற்போக்கான தேசிய முதலாளிகளையும் இணைத்துக்கொண்டு தேசிய ஜனநாயகம் காணலாம் என்றது ஒரு சாரார் கருத்து. தொழிலாளி வர்க்கத் தலைமையில் மக்கள் ஜனநாயகமே வழி என்றது மறுசாரார் கருத்து.

இதனைப் பிரிட்டனோடு ஒப்பிடுதல் பயன்தரும். 1956இல் அங்கேரி எழுச்சி நிகழ்ந்த வேளையில், பிரிட்டன் கம்யூனிஸ்டுக் கட்சியில் ஈ.பி. தாம்சனும் ஜான் சாவிலும் ‘ரீசனர்’ என்னும் இதழ் வழியே வினா எழுப்பினர். தண்டிக்கப்பட்டுக் கட்சியினின்று நீங்கினர். அங்கே எழுதியவர்கள் வினவிப் பிரிந்தனர். இங்கே கட்சி பிரிந்தது. எழுதியவர்கள் அதன் பின்னே பிரிந்தனர். இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது.

‘தாமரை’ இதழையும், 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தையும் தொடங்கிய ஜீவா, பிளவைக் காணாமலே 1963இல் மறைந்தார். அவை இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பக்கம் நின்றன. மார்க்சிஸ்டுக் கட்சியின் சார்பில் 1970இல் ‘செம்மலர்’ மதுரையில் மலர்ந்தது. 1975இல் நெருக்கடிநிலையை ஒரு கட்சி ஆதரித்தது, மற்றது எதிர்த்தது. அவ்வாண்டிலேயே முற்போக்கு எழுத்தாளர் சங்கம் மதுரையில் தோன்றியது.

இதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. இரண்டு இதழ்கள், இரண்டு மேடைகள்; சிற்றூர்ப் படைப்பாளிகள் பலர்க்கு அச்சேறும் வாய்ப்புக் கிட்டியது. ஆனால் இழப்பும் உண்டு. கவிதையைப் படிக்குமுன் அது எந்த இதழில் வந்தது என்று பார்க்கும் பழக்கம் வளர்ந்தது. எதிரணிக் கவிஞனின் நல்ல வரியைப் பாராட்டுவதும் கொள்கைத் தளர்ச்சியாகக் கருதப்பட்டது. வர்க்கத் தலைமை பற்றிய வாதத்திற்குத் தீர்மானம் வேண்டும். ஏலக்காட்டுக் கூலிப் பெண்ணின் துயரைப் பாடுதற்குத் தீர்மானம் வேண்டுவதில்லை.

சங்கரய்யா 2023இல் மறைந்தார். அந்த 32 பேரில் எஞ்சியிருந்த வி.எஸ். அச்சுதானந்தனும் 2025இல் மறைந்தார். 2019, 2021, 2024 தேர்தல்களில் தமிழகத்தில் இரு கட்சிகளும் ஒரே அணியில் நின்றன. கட்சிகள் மீண்டும் ஒரே மேடையில் அமர்ந்துவிடுகின்றன; படிக்காமல் ஒதுக்கிய கவிதைகளோ பழைய இதழ்களிலேயே கிடக்கின்றன.

பத்தாண்டு கண்ட இராசிங்காபுரம் இலக்கிய வட்டத்தில் பல கொள்கையினர் உள்ளனர். வாதம் நிகழட்டும், அது வளர்ச்சியின் அடையாளம். ஆனால் மாற்றுக் கொள்கையினரின் கவிதையை முழுதும் படித்த பின்னரே வாதம் தொடங்கட்டும்.